காதால் தோண்டிய புதையல்: பழைய வானொலி வெஸ்டர்ன் நாடகங்கள், ஓர் எளிய அறிமுகம்

1881-ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவில் டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு. ஏரன் வின்டர்ஸ் என்ற ஏழை மனிதரும் அவர் மனைவி ரோஸியும் எப்போது இருட்டும் என்று காத்திருக்கிறார்கள். அங்கே தரையெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை மண். அந்த மண்ணில் போராக்ஸ் (நம்மூர் வெண்காரம், சலவைக்கு உதவும் ஓர் உப்பு) இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழியை ஒரு வழிப்போக்கர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு தட்டில் கொஞ்சம் மண்ணை எடுத்து, கந்தக அமிலமும் ஆல்கஹாலும் ஊற்றிக் கொளுத்த வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அது போராக்ஸ். வின்டர்ஸ் தீக்குச்சியைக் கிழித்தார். பச்சையாக எரிந்தது. அந்த நிலத்தின் உரிமையை வில்லியம் கோல்மன் என்ற தொழிலதிபர் 20,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

இதைச் சினிமாவில் எடுப்பது சுலபம். இருட்டு, தட்டு, பச்சைச் சுடர், இரண்டு முகங்கள். ஒரு வசனமும் தேவையில்லை. வானொலியில் எப்படிச் சொல்வீர்கள்? அங்கே பச்சை இல்லை, சுடர் இல்லை, முகமும் இல்லை. யாராவது ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அதிர்ஷ்டவசமாக, வின்டர்ஸே அந்த வேலையைச் செய்துவிட்டார் என்கிறது அந்தப் பக்கத்துக் கதை. ரோஸியைக் கூப்பிட்டு, பச்சையாக எரிகிறது, நாம் பணக்காரர்களாகிவிட்டோம் என்று கத்தினாராம். வானொலி எழுத்தாளர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல வசனம் கிடைக்காது. பார்க்க முடியாத ஒன்றை இன்னொருவரின் தொண்டை வழியாக நமக்குக் காட்டுவதுதான் பழைய வானொலி வெஸ்டர்ன் நாடகம். புதையல் கதைகளில் அந்த வித்தை எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெஸ்டர்ன் என்றால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடக்கும் கதை. குதிரை, மாட்டு மந்தை, சுரங்கம், ஷெரிஃப், கொள்ளைக் கூட்டம், தூசி பறக்கும் ஒரே தெரு. நம்மில் பலருக்கு இந்த உலகம் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் வழியாகப் பழக்கமானது. ஆனால் காமிக்ஸுக்குப் படம் உண்டு. இங்கே நாம் பேசப்போவது படமே இல்லாத வெஸ்டர்ன்.

'பழைய வானொலி' என்று அமெரிக்கர்கள் சொல்வது ஏறக்குறைய 1930 முதல் 1962 வரையிலான காலம். 1930-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. நூற்றுக்கு 40 வீடுகளில் இருந்தது. 1940-இல் அது 80-ஐத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டும் பொருளாதார மந்தக் காலம் என்பதை நினைவில் வையுங்கள். சினிமா டிக்கெட்டுக்குக் காசு வேண்டும். ரேடியோவை ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் நாடகம் இலவசம். அந்த இலவசத்துக்கான செலவைப் பிஸ்கட், ரொட்டி, சோப்பு, சிகரெட் விற்கும் கம்பெனிகள் பார்த்துக்கொண்டன.

டெத் வேலிக்கே திரும்பி வருவோம். வின்டர்ஸ் கண்டுபிடித்த படிவுகள் பல கைகள் மாறி, கடைசியில் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் என்ற கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கம்பெனி 1930-இல் தன் சலவைப் பொடியை விற்பதற்காகவே 'டெத் வேலி டேஸ்' என்ற வானொலித் தொடரை ஆரம்பித்தது. பாலைவனத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவங்களை ஓர் 'ஓல்டு ரேஞ்சர்' கதையாகச் சொல்லும் தொடர் அது. எழுதியவர் ரூத் உட்மன், நியூயார்க் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கேயே உட்கார்ந்து கற்பனையில் எழுதித் தள்ளாமல், அவ்வப்போது டெத் வேலிக்கே போய், வயதான சுரங்கக்காரர்களிடம் கதை கேட்டு வந்தார். அந்த நாட்களில் பல வெஸ்டர்ன்களை எழுதியவர்கள் மேற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் என்பதால், உட்மன் மீது எனக்குத் தனி மரியாதை. இந்தத் தொடர் பின்னால் தொலைக்காட்சிக்குப் போனது. அங்கே அதைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்டு ரீகன். ஆமாம், அந்த ரீகன்தான்.

முகமூடியும் வெள்ளிச் சுரங்கமும்

வெஸ்டர்ன் வானொலி என்றதும் அமெரிக்கர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் 'லோன் ரேஞ்சர்'. அது பிறந்தது மேற்கில் அல்ல, மோட்டார் நகரமான டெட்ராய்ட்டில். டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இஸட் என்ற நிலையத்தின் உரிமையாளர்களில் ஒருவரான ஜார்ஜ் ட்ரெண்டில், 1932-இல் பல நிலையங்களை இணைத்த பெரிய வானொலி வலையமைப்பு ஒன்றிலிருந்து விலகி, சொந்தமாக நிகழ்ச்சி தயாரிக்க முடிவு செய்தார். குழந்தைகளுக்குப் பிடித்த மாதிரி ஒரு குதிரைவீரன் வேண்டும். எழுதும் பொறுப்பு பஃபலோ நகரில் இருந்த ஃபிரான் ஸ்ட்ரைக்கருக்கு வந்தது. 1933 ஜனவரி இறுதியில் முதல் ஒலிபரப்பு. 1954 செப்டம்பர் வரை, ஏறக்குறைய 3,000 நாடகங்கள். ஸ்ட்ரைக்கர் வாரத்துக்கு 60,000 சொற்கள் வரை எழுதினார் என்று சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு நாவல் மாதிரி.

கதை இதுதான். டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற காவல்படையினர் ஆறு பேர் ஒரு கணவாயில் நுழையும்போது காவண்டிஷ் கும்பல் மறைந்திருந்து சுடுகிறது. ஒருவர் மட்டும் பிழைக்கிறார். டோன்டோ என்ற பழங்குடி மனிதர் அவரைக் காப்பாற்றுகிறார். பிழைத்தவர் முகமூடி அணிந்து, சில்வர் என்ற வெள்ளைக் குதிரையில் ஏறி, நியாயத்துக்காக அலைகிறார். அவர் துப்பாக்கியில் வெள்ளிக் குண்டு. சரி, ஊர் ஊராகச் சுற்றுகிற, சம்பளம் வாங்காத ஒருவருக்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? கேட்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று எழுத்தாளருக்குத் தெரியும். அதனால் ஒரு மறைவான வெள்ளிச் சுரங்கம் வைத்தார்கள். ரேஞ்சரும் அவருடைய அண்ணனும் முன்பே கண்டுபிடித்த சுரங்கம். ஒரு முதியவர் அதைக் காத்து, குண்டு செய்யத் தேவையான வெள்ளியை எடுத்துத் தருகிறார்.

மற்றப் புதையல் கதைகளிலெல்லாம் புதையலைத் தேடி ஆட்கள் நாசமாகிறார்கள். இங்கே புதையல் நாயகன் கையிலேயே இருக்கிறது, அவர் அதில் குண்டு மட்டும் செய்துகொள்கிறார். அந்தக் குண்டிலும் ஆளைக் கொல்லும் எண்ணத்தோடு சுடமாட்டார். எதிராளியின் கையிலிருந்து துப்பாக்கி பறக்கும், அவ்வளவுதான். மந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சொன்ன கதையில் பணத்தின் மீது ஆசையில்லாத ஒரு பணக்காரன். இதில் கொஞ்சம் போதனை வாடை அடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த வெள்ளிச் சுரங்கம் கதையில் ஒரு நல்ல அடைப்பு. ஓட்டையையும் மூடியது, ஆசையையும் கிளப்பியது.

ஆரம்ப இசையாக ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபரா முன்னிசையின் கடைசிப் பகுதியை வைத்தார்கள். 1829-இல் எழுதிய இசைக்கு யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டாம் என்பதும் ஒரு காரணம். இன்றைக்கும் அந்த இசையைக் கேட்டால் பல அமெரிக்கர்களுக்குக் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. பாவம் வில்லியம் டெல், அவர் சுவிட்சர்லாந்துக்காரர்.

வானொலியில் ஆள் என்றால் குரல்தான். அதற்கு இந்தத் தொடரே சாட்சி. 1941 ஏப்ரலில் ரேஞ்சராக நடித்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துபோனார். நாடகம் வாரத்துக்கு மூன்று நாள். நிறுத்த முடியாது. உடனே புதிய குரலை வைத்தால் கேட்கிற பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே கதையில் ரேஞ்சருக்குப் பலத்த காயம் என்று எழுதினார்கள். சில நாடகங்களில் அவரால் பேசவே முடியவில்லை, டோன்டோதான் கதையை நடத்திச் சென்றார். அப்புறம் மெல்லத் தேறி வந்த ரேஞ்சருக்கு பிரேஸ் பீமரின் கனத்த குரல். காயம்பட்டவர் குரல் மாறியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொட்டாங்கச்சி, ரப்பர் கிண்ணம், தகரம்

குதிரைக் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சி என்பது உலகம் அறிந்த ரகசியம். தேங்காயைப் பாதியாக உடைத்து, இரண்டு மூடிகளையும் மண்ணிலோ சரளைக் கல்லிலோ தட்டுவது. டெட்ராய்ட் நிலையத்தில் கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணங்களையும் பயன்படுத்தினார்கள். நெஞ்சில் தட்டிக்கொண்டும் குளம்பொலி செய்வார்கள். சாதாரண நடை, ஓட்டம், நாலுகால் பாய்ச்சல் மூன்றுக்கும் தாளம் வேறு. கேட்பவர் காது அதைப் பிரித்துப் பார்க்கும். குதிரை கல் தரையிலிருந்து மணலுக்கு இறங்குகிறது என்றால், கலைஞர் தட்டும் பெட்டியை மாற்ற வேண்டும், அதுவும் ஒரு தட்டுகூடத் தவறாமல்.

இடிக்கு ஒரு பெரிய மெல்லிய தகரத்தைப் பிடித்து உலுக்குவார்கள். தீ எரிவதற்குச் செலோஃபேன் தாளைக் கசக்குவார்கள். பனியில் நடப்பதற்குச் சோளமாவுப் பொட்டலத்தை அமுக்குவார்கள். உண்மையான துப்பாக்கி வெடியை அன்றைய மைக் தாங்காது, அதனால் தோல் மெத்தை மீது மெல்லிய பிரம்பால் ஓங்கி அடிப்பார்கள். இதெல்லாம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பில், நடிகர்கள் கையில் காகிதத்தோடு நிற்கும் அதே அறையில். அமெரிக்காவின் கிழக்கும் மேற்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம் என்பதால், பல தொடர்களில் அதே நாடகத்தை இரவு இன்னொரு முறை முழுவதுமாக நடிப்பார்கள். பெரிய வலையமைப்புகள் பல ஆண்டுகள் பதிவு செய்த நாடகங்களை ஒலிபரப்ப விடவில்லை.

சுரங்கத்துக்குள் எதிரொலி வேண்டுமா? வெறுமையான ஒரு தனி அறையில் ஒலிபெருக்கியை வைத்து, அதன் ஒலியை இன்னொரு மைக் மூலம் பிடித்து, நடிகரின் குரலோடு கலந்துவிடுவார்கள். குரலுக்குப் பின்னால் ஒரு நொடி நீளும் வால் முளைக்கும். கேட்பவர் அந்த வாலை வைத்துக் குகையின் அளவைத் தானாகவே கணக்குப் போட்டுவிடுவார். சுரங்கம் இடிந்து விழ வேண்டும் என்றால் சினிமாக்காரர் செட்டு போட்டு, ஆட்களை வைத்து, ஒரு நாள் படப்பிடிப்பைச் செலவழிக்க வேண்டும். வானொலிக்காரருக்குக் கொஞ்சம் கல்லும் ஒரு மரப்பெட்டியும் போதும். வெஸ்டர்ன் வானொலியில் இத்தனை சுரங்கங்கள் இடிந்து விழுந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

தங்கத்துக்கு ஒலி கிடையாது

இனி புதையலுக்கு வருவோம். இதில்தான் சுவையான சிக்கல். குதிரைக்கு ஒலி உண்டு, துப்பாக்கிக்கு உண்டு, மழைக்கு உண்டு. தங்கத்துக்கு? நாணயமாக இருந்தால் கலகலக்கும், சரி. ஆனால் வெஸ்டர்ன் புதையல்களில் பாதி நாணயமே இல்லை. பாறையில் ஓடும் தங்க இழை, தோல் பையில் தங்கத்தூள், வெள்ளித் தாது. இவை ஊமை. மின்னுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத பொருள்கள். வானொலியில் மின்னலாமா?

அதனால் வானொலி எழுத்தாளர்கள் புதையலைக் காட்டுவதை விட்டுவிட்டு, அதைப் பார்த்தவரின் குரலைக் காட்டினார்கள். பெட்டி திறக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிற்கிறார். இரண்டு நொடி மௌனம். அடுத்து அவர் பேசும்போது குரல் தணிந்திருக்கும், கூட வந்த நண்பனை அழைக்கும் விதம் மாறியிருக்கும். அவ்வளவு நேரம் 'நம்ம' என்று பேசியவர் 'என்' என்று ஆரம்பிப்பார். கேட்பவருக்குத் தங்கம் எவ்வளவு என்பது அந்த ஒரு சொல்லில் புரிந்துவிடும். வானொலிப் புதையல் கதை எதைப் பற்றியது என்று என்னைக் கேட்டால், ஒரு மனிதனின் குரல் மாறும் நொடியைப் பற்றியது என்பேன்.

இரண்டாவது சிக்கல் வரைபடம். வரைபடம் இல்லாத புதையல் கதை உண்டா? ஆனால் அதைக் கேட்பவருக்குக் காட்ட முடியாது. அனுபவமில்லாத எழுத்தாளர் இப்படி எழுதுவார்:

இளைஞன்: இதோ என் கையில் இருக்கும் இந்தப் பழைய வரைபடத்தைப் பாருங்கள். இதில் பெரிய பாறைக்கு இடது பக்கம் சிவப்பு நிறத்தில் ஒரு சிலுவைக் குறி இருக்கிறது.

யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். எதிரே நிற்பவருக்குக் கண் இருக்கிறதே. கேட்பவருக்காகப் பேசுகிறார் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. தொழில் தெரிந்தவர் இப்படி எழுதுவார்:

கிழவர்: விளக்கக் கிட்ட கொண்டு வாப்பா. கண்ணு சரியாத் தெரியல.

(காகிதம் விரியும் ஒலி)

இளைஞன்: மெல்லப் பிடிங்க பெரியவரே, மடிப்புல கிழியுது.

கிழவர்: இந்தப் பாறை தெரியும். இதுக்குப் பக்கத்துல சிவப்பா என்ன, மையா?

இளைஞன்: (நிறுத்தி) மை இல்ல.

இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செய்திதான். ஆனால் இரண்டாவதில் கிழவருக்குக் கண் மங்கல், அதனால் இருப்பதைச் சொல்லிக் கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காகிதம் எவ்வளவு பழையது என்பது மடிப்பில் தெரிகிறது. பாறை இருக்கும் இடம் கிழவருக்குத் தெரியும் என்பதும் போகிற போக்கில் வந்துவிடுகிறது. கடைசி இரண்டு சொற்களில் வரைபடத்தின் முன்கதையும் கிடைத்துவிட்டது, யாரும் விளக்காமலேயே. பழைய வானொலி நாடகங்களைக் கேட்கும்போது இந்த இடங்களைக் கவனியுங்கள். நல்ல எழுத்தாளர் யாரையாவது குருடாக்குவார், அல்லது இருட்டில் நிறுத்துவார், அல்லது ஊருக்குப் புதியவராக்குவார். தெரியாத ஒருவர் இருந்தால்தானே தெரிந்தவர் வாய் திறந்து சொல்ல முடியும்.

இந்தக் கதைகளுக்கு மூலச்சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், அதற்குப் பஞ்சமே இல்லை. புகழ்பெற்றது அரிசோனாவின் 'தொலைந்த டச்சுக்காரன் சுரங்கம்'. டச்சுக்காரன் என்பது பெயர்க் குழப்பம். ஜேக்கப் வால்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்தவர். 'டாய்ச்' அமெரிக்க வாயில் 'டச்சு' ஆகிவிட்டது. 1891-இல் ஃபீனிக்ஸ் நகரில், ஜூலியா தாமஸ் என்ற பெண்மணி பராமரித்து வந்த நிலையில் வால்ட்ஸ் இறந்தார். சாகும் முன் தன் தங்கச் சுரங்கம் சூப்பர்ஸ்டிஷன் மலைகளில் எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொன்னதாகக் கதை. வீவர்ஸ் நீடில் என்ற ஊசிப்பாறையின் நிழல் பிற்பகல் நான்கு மணிக்கு எங்கே விழுகிறதோ அங்கே என்று ஒரு வடிவம் உண்டு. எந்த மாதத்து நான்கு மணி என்று மட்டும் கேட்கக் கூடாது. அடுத்த ஆண்டே ஜூலியா தாமஸ் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். 1931-இல் அடால்ஃப் ரூத் என்ற முதியவர் வரைபடங்களோடு மலைக்குள் போனார், திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் மண்டையோடு கிடைத்தது, அதுவும் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. வானொலி வெஸ்டர்ன்கள் வளர்ந்த அதே ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதை ஏன் வானொலிக்குப் பொருத்தம் என்று பாருங்கள். தொடக்கமே ஒரு குரல். சாகக் கிடப்பவர் திணறித் திணறிச் சொல்லும் வழி. பாதி சொல்லும்போதே மூச்சு நின்றுவிடலாம். சொன்னதைக் கேட்டவர் தவறாகக் கேட்டிருக்கலாம், அல்லது வேண்டுமென்றே தவறாகச் சொல்லலாம். ஆரம்பத்திலிருந்தே இது காதால் பரவிய கதை.

15 சென்ட் புதையல்

குழந்தைகளுக்கான வெஸ்டர்ன்கள் மாலை ஐந்து, ஆறு மணி வாக்கில் வரும். பல 15 நிமிடத் தொடர்கள். ஒவ்வொரு நாளும் நாயகன் சுரங்கத்தில் சிக்கும்போதோ, திரியில் தீ வைக்கப்படும்போதோ நிறுத்திவிடுவார்கள். நடுவில் தானியக் காலை உணவுக்கு விளம்பரம். இந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை எண்ணித்தான். 'லோன் ரேஞ்சர்' தொடங்கிய சில மாதங்களில், முதலில் எழுதுகிற 300 பிள்ளைகளுக்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 25,000 கடிதங்கள் வந்து விழுந்தன. அப்புறம் விளம்பரதாரர் கிடைப்பதில் சிரமம் இருக்குமா?

அதிலிருந்து ஒரு பொருளாதாரமே வளர்ந்தது. தானியப் பெட்டியின் மேல் மடிப்பை வெட்டி, அதோடு 10 அல்லது 15 சென்ட் வைத்து அனுப்பினால் மோதிரம், பேட்ஜ், சங்கேத எழுத்துச் சக்கரம் ஏதாவது தபாலில் வரும். டாம் மிக்ஸ் என்ற சினிமா கௌபாயின் பெயரில் ஓடிய தொடர் இதில் கெட்டிக்காரத் தொடர். டாம் மிக்ஸ் அதில் ஒருமுறைகூட நடித்ததில்லை, வேறு ஆட்கள் அவர் பெயரில் பேசினார்கள். 1940-இல் அவர் கார் விபத்தில் இறந்த பிறகும் ஏறக்குறைய பத்தாண்டுகள் 'டாம் மிக்ஸ்' வானொலியில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இவற்றில் விசித்திரமானது 1947-இல் வந்த 'லோன் ரேஞ்சர்' அணுகுண்டு மோதிரம். முகமூடி வீரனுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அது 1947. 15 சென்ட்டும் ஒரு கிக்ஸ் தானியப் பெட்டி மடிப்பும் விலை. மோதிரத்துக்குள் உண்மையிலேயே துளியூண்டு பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருளும் ஒரு துத்தநாக சல்பைடு திரையும் இருந்தன. இருட்டில் உள்ளே பார்த்தால் ஆல்ஃபா துகள்கள் திரையில் மோதிச் சின்னச் சின்னப் பொறிகளாக மின்னும். வானொலியில் காட்ட முடியாத மினுமினுப்பைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். பொலோனியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 138 நாள்தான் என்பதால், இன்று அந்த மோதிரங்களை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருட்டுதான்.

அதைவிடப் பெரிய விளையாட்டு 1955-இல். அதே டெட்ராய்ட் குழு, கனடாவின் யூகான் தங்க வேட்டைக் காலத்தை வைத்து சார்ஜென்ட் பிரஸ்டன் என்ற போலீஸ்காரரின் தொடரை நடத்தியது. அதுவும் வெஸ்டர்ன்தான், பாலைவனத்துக்குப் பதில் பனி. அதன் விளம்பரதாரர் குவேக்கர் ஓட்ஸ், யூகானில் 19.11 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பத்திரம் என்று அச்சடித்து, தானியப் பெட்டிகளில் போட்டது. 2 கோடியே 10 லட்சம் பத்திரங்கள். தங்கம் விளைந்த பூமியில் என் பெயரில் ஓர் அங்குலம்! எத்தனை சிறுவர்கள் கனவு கண்டிருப்பார்கள். பத்திரத்தின் சின்ன எழுத்தில், நிலத்தடிக் கனிமங்கள் மீது உரிமை இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். தோண்டத் தங்கம் கிடைத்தாலும் உங்களுடையது அல்ல. பத்திரங்கள் எங்கும் பதிவாகவும் இல்லை. கடைசியில் 37 டாலர் 20 சென்ட் வரி பாக்கிக்காக 1965-இல் அந்த நிலத்தைக் கனடா அரசு எடுத்துக்கொண்டது. தங்கள் அங்குலம் என்ன ஆயிற்று என்று கேட்டு மக்கள் அதற்குப் பிறகும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்களுக்கு

1950-களில் வெஸ்டர்னின் குரல் மாறியது. 1952-இல் சி.பி.எஸ். என்ற பெரிய வலையமைப்பின் வானொலியில் 'கன்ஸ்மோக்' வந்தது. கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி, மாட் டில்லன் என்ற மார்ஷல், அதாவது ஊரின் சட்டக் காவலர். நார்மன் மக்டொனலும் ஜான் மெஸ்டனும் உருவாக்கியது. இதில் நாயகன் எப்போதும் ஜெயிப்பதில்லை. சாவு வலிக்கும். சில நாடகங்களின் முடிவில் டில்லன் தெருவில் நடந்து போவது மட்டும்தான் கேட்கும். டில்லனுக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட் தடித்த உடம்புக்காரர். 1955-இல் தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது அந்த வேடம் ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னெஸுக்குப் போய்விட்டது. குரலை மட்டும் கேட்டவர்களுக்கு கான்ராட்தான் அந்த நெட்டை மனிதர்.

'கன்ஸ்மோக்' ஒலிக் கலைஞர்களின் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றத் தொடர்களில் வசனம், பிறகு ஒலி, பிறகு வசனம். இங்கே வசனத்துக்கு அடியில் எப்போதும் ஒரு ஊர் இருக்கும். மர நடைபாதையில் பூட்ஸ் சத்தம், குதிமுள் கிணுகிணுப்பு, தூரத்தில் நாய். புல்வெளிக்கு வந்துவிட்டால் காற்றும் சேணம் முனகும் ஒலியும். அவசரமே கிடையாது.

இந்த நாடகங்களைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பழங்குடி மக்களை இவை நடத்திய விதம் இன்று கேட்க நெருடலாக இருக்கும். டோன்டோவாக நடித்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார மேடை நடிகர். புத்திசாலியான, தைரியமான அந்தப் பாத்திரத்தைக் கொச்சை ஆங்கிலத்தில் பேச வைத்தார்கள். 'டோன்டோ' என்பது ஸ்பானிஷ் மொழியில் முட்டாள் என்று பொருள்படும் சொல். புதையல் கதைகளில் இன்னும் மோசம். மலை பழங்குடியினருடையது, தங்கமும் அவர்கள் நிலத்தில். ஆனால் கதையில் அவர்கள் புதையலைக் காக்கும் ஆபத்தாக மட்டுமே வருவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழவே எழாது.

கேட்கத் தொடங்க

தொலைக்காட்சி வந்ததும் இந்த உலகம் சுருங்கியது. 'லோன் ரேஞ்சர்' 1949-இலேயே தொலைக்காட்சிக்கும் போனது, வானொலியில் 1954 வரை இழுத்தது. 'கன்ஸ்மோக்' வானொலியில் 1961 வரை நின்றது. 1962 செப்டம்பர் 30-இல் சி.பி.எஸ். தன் கடைசி இரண்டு நாடகத் தொடர்களையும் நிறுத்தியதோடு அந்தக் காலம் முடிந்ததாகக் கணக்கு.

நேரடியாகப் போனவை காற்றோடு போயின. பிழைத்தவை 16 அங்குலத் தட்டுகளில் பதிவானவை. ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம், ஆக அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியில் தட்டு செய்தார்கள். கைதவறினால் ஒரு நாடகம் சுக்குநூறு. 'லோன் ரேஞ்சர்' 1938-இலிருந்துதான் ஒழுங்காகப் பதிவானது. முதல் ஐந்தாண்டுகளைப் படிக்கலாமே தவிரக் கேட்க முடியாது.

புதிதாகக் கேட்பவர் 'லோன் ரேஞ்சரில்' ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். ஒன்றிரண்டு கேட்டதும் அறிவிப்பாளர் குரல் காதை அடைக்கும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'சிக்ஸ் ஷூட்டர்' (1953-54) மொத்தமே 39 நாடகங்கள்தான். அவருடைய இழுத்துப் பேசும் பேச்சு ஆங்கிலம் பழகாத காதுக்கும் இதமாக இருக்கும். அப்புறம் 'கன்ஸ்மோக்'. மூன்றாவதாக 1958-இல் வந்த 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்', லண்டன் பத்திரிகை நிருபர் ஒருவர் மேற்கில் சுற்றுவது. அவரும் ஊருக்குப் புதியவர், அதனால் நமக்குத் தெரியாததெல்லாம் அவருக்கும் தெரியாது. பழைய தட்டுகளில் இரைச்சல் இருக்கும், ஐந்து நிமிடத்தில் காது அதை ஒதுக்கப் பழகிவிடும்.

எந்தத் தொடரானாலும் பெட்டியோ, பையோ, சுரங்கக் கதவோ திறக்கும் இடம் ஒன்று வந்தால், அதற்கு அப்புறம் எத்தனை நொடி யாரும் பேசவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.